டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டுத் திருமுல்கேரியில் குடியேறிய நமக்கு, விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன் அவர்களின் சரிதம் அந்நியமானதன்று. 1898ஆம் ஆண்டு வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் பயின்ற அன்னார், பின்னர் கல்கத்தா, டாக்கா, அலகாபாத், டில்லி என்று அயலூர்களிலேயே வாழ்நாளைக் கழித்தார். தமிழிலும் வடமொழியிலும் கொண்ட பற்றை மட்டும் எங்கும் விட்டாரில்லை.

1928இல் ஸர் சி. வி. ராமனுக்குத் துணை நின்று ராமன் விளைவைக் கண்டதை யாவரும் அறிவர். அதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. நாம் கூற விழைவது நம் பிள்ளைகளின் பென்சிலில் உள்ள கரியைப் பற்றியது. கிராபைட் எனப்படும் அப்பொருள் சீட்டுக்கட்டைப் போல் ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. கிருஷ்ணன் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தத்தின் நடுவே அவை எவ்வளவு திரும்புகின்றன என்று அளந்து, அவற்றின் இயல்பை அறிவதில் வல்லவர். எவ்வளவு பொறுமை வேண்டும்! கிராபைட்டையும் அவ்வாறு ஆராய்ந்தார். 1939இல் கங்குலி என்பாருடன் சேர்ந்து அவர் கண்டது இது: மின்சாரம் ஏட்டின் வழியே எளிதாக ஓடுகிறது, ஏடு விட்டு ஏடு தாண்டவோ ஆயிரக்கணக்கான மடங்கு தடை.

மின்தடையால் கம்பி சூடேறுவதை இஸ்திரிப் பெட்டியில் காண்கிறோம். உலோகங்களில் அத்தடை எழும் காரணத்தையும் கிருஷ்ணன் கணிதத்தால் ஆராய்ந்தார். ஆனால் தடை அறவே அற்றுப்போவதும் உண்டு. 1911இல் ஹாலந்து தேசத்துக் காமர்லிங் ஆன்ஸ், பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 269 டிகிரி வரை குளிர்வித்து இதனைக் கண்டார். மீக்கடத்தல் என்பது அதன் பெயர். 1947 முதல் கிருஷ்ணன் தலைமை வகித்த டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில், அத்தகைய குளிருக்குத் தேவையான திரவ ஹீலியம் அவர் காலத்திலேயே கிடைத்தது.

1957இல் அமெரிக்க அறிஞர் மூவர் மீக்கடத்தலுக்கு விளக்கம் அளித்தனர். 1961இல் கிருஷ்ணன் காலமானார். 1986இல் தாமிர ஆக்ஸைடு அடுக்குகளில் தென்பட்ட மீக்கடத்தலோ பழைய விளக்கத்துக்கு அடங்கவில்லை. மறு ஆண்டே ஆண்டர்சன் என்னும் பேரறிஞருடன் சேர்ந்து புதுக் கொள்கை வகுத்தவருள் தமிழரான ஜி. பாஸ்கரனும் ஒருவர். வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

2018இல் அமெரிக்காவில், ஓரணுக் கனமே உள்ள இரண்டு கிராபைட் ஏடுகளைச் சுமார் 1.1 பாகை திருகி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கடுங்குளிரூட்டினர். தடை மறைந்தது. கிருஷ்ணன் ஆராய்ந்த அதே கரிதான். ஏன் மறைந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.