குப்பையைச் சிற்பமாக்கிய குர்ட் ஷ்விட்டர்ஸ்

கல்லும் வெண்கலமுமே சிற்பத்துக்கு உரியவையென்று உலகம் வெகுகாலம் எண்ணியிருந்தது. தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டும், உடைந்த சக்கரமும், துருப்பிடித்த கம்பியும் அதற்குப் போதுமென்று செய்து காட்டியவர்களுள் முன்னணியில் நின்றவர் ஜெர்மானியரான குர்ட் ஷ்விட்டர்ஸ்.

1887-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி ஹானோவர் நகரில் பிறந்த அவர், டிரெஸ்டன் கலாசாலையில் முறைப்படி சித்திரம் பயின்றவர். வரையத் தெரியாதவர்தாம் குப்பையை ஒட்டுவரென்று பரிகசிப்போர் இன்றும் இருப்பதால் இதை நாம் குறிப்பிடுகிறோம். உருவப் படம் வரைவதை அவர் கடைசிவரை விடவேயில்லை.

முதல் மகாயுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. பழைய ராஜ்யம் சரிந்தது. யாவும் உடைந்து கிடக்கையில் உடைந்த துண்டுகளைக் கொண்டே புதியதைக் கட்ட வேண்டுமென்பது அவர் கொள்கை. வியாபார விளம்பரமொன்றில் 'கொம்மெர்ட்ஸ்' என்றிருந்த சொல்லைக் கத்தரித்து, எஞ்சிய 'மெர்ட்ஸ்' என்னும் பொருளற்ற துண்டையே 1919-ல் தம் கலைக்குப் பெயராகச் சூட்டினார். பின்னர், ஹானோவரில் தம் வீட்டுக்குள்ளேயே மரமும் சுண்ணச்சாந்தும் கண்டெடுத்த பொருள்களும் கொண்டு 'மெர்ட்ஸ் கட்டடம்' ஒன்றை எழுப்பலானார். ஆண்டுதோறும் வளர்ந்து, அது அறை அறையாகப் பரவியது.

1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்தது. பொருட்காட்சிச் சாலைகளிலிருந்து அவருடைய படைப்புகளை அகற்றி, 1937-ல் மியூனிக் நகரில் 'சீரழிந்த கலை' யென்று ஏளனத்துக்கு வைத்தார்கள். அதற்குள் அவர் நார்வே சென்றுவிட்டார். 1940-ல் ஜெர்மன் சேனை அங்கும் நுழையவே, கப்பலேறி ஸ்காட்லாந்து சேர்ந்தார்.

ஹிட்லருக்குத் தப்பி வந்தவரை, ஹிட்லரின் தேசத்தவரென்றே பிரிட்டிஷ் சர்க்கார் காவலில் வைத்தது! சட்டத்தின் எழுத்து அதற்கு இடங்கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. விசாரணையில்லாக் காவலுக்கு விரோதியும் அகதியும் ஒன்றே. ஐல் ஆப் மான் தீவின் ஹச்சின்சன் முகாமில் சாமான் ஏது? காலை உணவாக வந்த ஓட்ஸ் கஞ்சியில் மிஞ்சியதைச் சேர்த்துச் சிற்பம் செய்தார். அது பூசணம் பூத்து நாறியதாம், அவர் நிறுத்தினாரில்லை. தரையில் விரித்த லினோலியத்தைப் பெயர்த்து அதன்மீதும் வரைந்தார்.

1941 நவம்பரில் விடுதலை கிடைத்தது. 1943-ல் நேசநாடுகளின் குண்டுவீச்சில் ஹானோவர் வீடு தரைமட்டமாயிற்று. பல்லாண்டு உழைப்பும் அதனோடு போயிற்று. மறுவருஷம் அங்கேயே மனைவி ஹெல்மா நோயால் இறந்தார்.

1945-ல் இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்து ஆம்பிள்சைடில் குடியேறி, உருவப் படம் எழுதி விற்றுப் பிழைத்தார். 1947-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலை 1,000 டாலர் உதவியது. அதைக் கொண்டு எல்டர்வாட்டரில் ஒரு பழைய கற்கொட்டகைக்குள் மீண்டும் தொடங்கினார். உடலோ நலிந்துவிட்டது. பிரிட்டிஷ் பிரஜையாக ஏற்கப்பட்டாரென்ற செய்தி வந்த மறுநாள், 1948 ஜனவரி 8-ந் தேதி, கெண்டல் நகரில் காலமானார்.

கொட்டகையில் ஒரு சுவரில் மட்டுமே வேலை நடந்திருந்தது. கூழாங்கற்களும், சிறுவர் விளையாடும் பந்தும், பூவாளியின் முகமும் பதிந்த அச்சுவரை 1965-ல் அப்படியே பெயர்த்து நியூகாசிலில் உள்ள ஹாட்டன் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.