ஸ்பார்க் பிளக்கும் ராபர்ட் பாஷும்



பைக் ஸ்டார்ட் ஆகலன்னா மெக்கானிக் முதல்ல கழட்டிப் பார்க்கிறது ஸ்பார்க் பிளக்கைத்தான். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோன ராபர்ட் பாஷ் பற்றி எழுதுகிறேன்.

அவர் 1861-ல் ஜெர்மனியில், உல்ம் நகருக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமத்தில் பிறந்தார். வீட்டில் 12 பிள்ளைகள், இவர் 11-வது! சின்ன வயதிலேயே பட்டறையில் தொழில் பழகப் போனார். அங்கே சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லை. பிறகு அமெரிக்கா போய் எடிசன் கம்பெனியில் வேலை பார்த்தார். 1886-ல் ஸ்டுட்கார்ட் நகரில் சின்னதாகச் சொந்தப் பட்டறை போட்டார்.

அந்தக் காலத்தில் எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைப்பதே பெரிய தலைவலி. 1902-ல் பாஷிடம் வேலை பார்த்த ஹோனோல்ட் என்ற எஞ்சினியர், அதிக வோல்டேஜ் மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். பிளக்கின் இரண்டு முனைக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டும்போது பொறி பறக்கும்.

அந்த இடைவெளிதான் 'கேப்'. திண்டிவனத்துல மெக்கானிக்கா இருக்கிற எங்க சித்தப்பா இதை விளக்கினார். நிறைய பைக்குக்கு 0.7-லிருந்து 0.8 மி.மீ. இருக்கணும். ரொம்ப அதிகமானா பொறி தாண்டாது, வண்டி திணறும். ரொம்பக் குறைஞ்சா பொறி சின்னதாகி பெட்ரோல் சரியாப் பத்தாது.

இரிடியம் பிளக்குன்னா இன்னும் கவனம் வேணும். இரிடியம் 2,446 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதனால நடு முனையை ஊசி மாதிரி மெல்லிசா செய்றாங்க. ஆனா அழுத்தினா உடைஞ்சிடும். சாதா பிளக்குக்குச் சிலர் ஆக்ஸா பிளேடை விட்டுப் பார்ப்பாங்களே, அது இதுக்கு ஆகாது. கம்பி கேஜால அளக்கணும். கம்பெனியிலேயே கேப் வெச்சுத்தான் வரும். மாத்தியே ஆகணும்னா வளைஞ்சிருக்கிற வெளி முனையை மட்டும் மெதுவா நகர்த்தணும். நடு முனையைத் தொடவே கூடாது. நம்ம வண்டிக்கு எவ்வளவுன்னு அதோட கையேட்டில் இருக்கும்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் டீசல் பஸ்ஸில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆனால் டீசல் பம்பையும் 1927-லேயே பாஷ் கம்பெனி தயாரிக்கத் தொடங்கியது.

1906-ல் தன் தொழிலாளிகளுக்கு 8 மணி நேர வேலை கொண்டுவந்தார் பாஷ். தனக்குக் கிடைக்காதது மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்பதுபோல, 1913-ல் தொழில் பழகத் தனிப் பட்டறையே அமைத்தார். 1942-ல் காலமானார். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான மைக்கோ கம்பெனி 1951-ல் பெங்களூரில் தொடங்கியதை அவர் பார்க்கவில்லை. 2008-ல் அதன் பெயரும் பாஷ் என்றே மாறியது.

எங்க வகுப்பில் மூணு பேர் பத்தாவது முடிச்சு ஐ.டி.ஐ.-யில் மெக்கானிக் படிக்கப் போறோம். அதில் நானும் ஒருத்தன். படிப்பு வராதவங்கதான் அங்கே போவாங்கன்னு சிலர் கேலி செய்றாங்க. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியை அளந்து சரியா வைக்கிறதும் படிப்புதானே? யோசிச்சுப் பாருங்க நண்பர்களே!

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன், விழுப்புரம்