பழமொழி தொகுத்த பேரறிஞர் எராஸ்மஸ்

பழமொழி ஒன்றைக் கேட்டால், அதனை முதலிற் சொன்னவர் யாரென்று நாம் வினவுவதில்லை. பெயரற்ற அச்செல்வத்தைத் தேடித் தொகுத்து ஐரோப்பாவுக்கு அளித்தவர் எராஸ்மஸ் என்னும் ஒல்லாந்து நாட்டுப் பேரறிஞர். அவர்தம் வாழ்வைச் சிறிது நோக்குவோம்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், றொட்டர்டாம் நகரில், குருவானவர் ஒருவருக்கு மணவுறவின்றிப் பிறந்தவர் அவர். இளமையிலேயே பெற்றோரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். பாதுகாவலர் விருப்பப்படி துறவிமடம் புகுந்து, 1492இல் குருப்பட்டம் பெற்றார். ஆயினும் அவருள்ளம் நூல்களையே நாடிற்று. பாரிஸ் நகரிலே மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லி வறுமையிற் காலங் கழித்தார்.

1500ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து திரும்புகையில், டோவர் துறைமுகத்துச் சுங்க அதிகாரிகள் அவர் பணத்தைப் பறிமுதல் செய்தனர். கைப்பொருள் இழந்தவர் கல்விப்பொருளை நாடினார். அவ்வாண்டிலேயே 818 பழமொழிகள் கொண்ட அவரது இலத்தீன் நூல் பாரிஸில் வெளியாயிற்று. பின்னர்க் கிரேக்கமொழியை முயன்று கற்றார். 1508இல் வெனிஸ் நகரில், அல்டஸ் என்பாரின் அச்சுக்கூடத்தில் அமர்ந்து, ஒருபுறம் அச்சு நடக்க மறுபுறம் எழுதினார். அறிஞர்கள் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதிகளை உவந்தளித்தனர். நூல் 3,260 மொழிகளாக விரிந்தது. 1536இல் அவர் பாசல் நகரில் மறைந்தபோது தொகை 4,151.

அந்நூல் வெறும் பட்டியலன்று. ஒவ்வொரு மொழியின் பொருள் யாது, அதனை ஆண்ட புலவர் யாவர், அது வழங்கத்தக்க இடம் எது என விளக்கினார். நண்பர்க்கு உடைமையெல்லாம் பொதுவென்னும் கிரேக்கர் மொழியை அந்நூலின் முதற்கண் வைத்தார். குருவாகிய அவர், கிறிஸ்துவுக்கு முற்பட்ட பைதாகரஸ், பிளேட்டோ ஆகியோர் கொள்கையிலும் கிறிஸ்துவின் போதனையோடொத்த உண்மையைக் கண்டு போற்றினார். போரை அறியாதவர்க்கே போர் இனிக்குமென்னும் மொழிக்கு 1515இல் நீண்ட கட்டுரை வரைந்து, அரசரின் போராசையைக் கண்டித்தார்.

சமயப் பிளவு மூண்டபோது லூதரோடும் சேர்ந்திலர். திருச்சபையின் குறைகளையும் மறைத்திலர். ஆதலால் இருசாராரும் அவரை ஐயுற்றனர். 1559இல் பாப்பரசர் அவர் நூல்கள் யாவற்றையும் தடைசெய்தார். எனினும் பழமொழி நூலைக் கற்றோர் கைவிட்டிலர். 1575இல் அதன் திருத்திய பதிப்பொன்று, எராஸ்மஸின் பெயர் நீக்கப்பட்டு வெளிவந்தது. திருத்தியவர் அல்டஸின் மகனே!

பெயரற்ற மொழிகளைத் தேடியவர் தம் பெயரையும் இழந்தார், மொழிகளோ வாழ்ந்தன. ஒரு சொல் எச்சமயத்தார் வாயிற் பிறந்ததென நோக்காது, அது மெய்யோ என்று மட்டும் நோக்கிய அவ்வுள்ளம் நமக்கும் வாய்ப்பதாக. நம் இல்லத்து முதியோர் சொல்லும் பழமொழிகளை, அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைப்போமாக.