மறதியை அளந்தவர்

தேர்வுக்கு முந்திய இரவு மனப்பாடம் செய்யும் வலிமிகும் இடங்கள் ஏன் அடுத்த வாரமே மறந்துவிடுகின்றன? விடை தேடியவர் ஹெர்மன் எபிங்கௌஸ். 1850இல் ஜெர்மனியின் பார்மெனில் பிறந்த இவர், பொருளற்ற அசைகள் சுமார் 2,300ஐ உருவாக்கி, தம்மையே சோதித்து, 1885இல் முடிவுகளை நூலாக்கினார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது. ஒரே நாளில் 68 முறை படித்த பலனை, மூன்று நாள்களுக்குப் பிரித்து 38 முறை படித்தே பெறலாம். பொருளுள்ள கவிதையோ மிக எளிதில் மனத்தில் பதிகிறது எனக் கண்டார். 1909இல் மறைந்தார்.

படிவம் ஐந்து மாணவர்களுக்கு இலக்கணம் கற்பிக்கையில் அவர் வழியையே நான் பின்பற்றுகிறேன். இரண்டாம் வேற்றுமை விரியில் வலிமிகும் என்ற விதியைப் 'புத்தகத்தைப் படித்தேன்' என்ற வாக்கியத்தோடு தருகிறேன். மறுநாளும் அடுத்த வாரமும் மீண்டும் கேட்கிறேன். மறப்பது இயல்பு, அதனால் தமிழ் நமக்கு வராது என்று ஒதுங்க வேண்டியதில்லை.