ச. வெ. இராமன்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 – நவம்பர் 21, 1970) இந்திய இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இறுதிக் காலத்தில் ஒளி, நிறம், இருள் ஆகியவற்றைக் கண் உணரும் முறையை ஆராய்ந்தார்.

வாழ்க்கை

இவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907 இல் முதுகலைப் பட்டம் பெற்று, அதே ஆண்டில் அரசின் நிதித்துறையில் சேர்ந்தார். கொல்கத்தாவில் அலுவல் நேரம் போக ஆய்வு செய்துவந்த இவர், 1917 இல் அப்பணியைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பெப்ரவரி 28, 1928 இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1948 இல் பெங்களூரில் இராமன் ஆய்வுக்கழகத்தை நிறுவினார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

பார்வை ஆய்வுகள்

கருவி அளக்கும் ஒளியும் கண் உணரும் காட்சியும் ஒன்றல்ல. கறுப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். நிறமாலையில் கறுப்பு ஒளி என ஒன்று இல்லை. சுற்றுப்புறத்தைவிட மிகக் குறைந்த ஒளி வரும் பரப்பையே மூளை கறுப்பாக உணர்கிறது. முழு இருளில் கண்ணுக்குத் தோன்றுவது அடர்ந்த சாம்பல் நிறமே. மங்கிய ஒளியில் விழித்திரையின் கூம்புச் செல்கள் செயற்படாது. கோல் செல்கள் மட்டும் இயங்குவதால் நிறங்கள் மறைகின்றன.

இராமன் 1960களில் மலர்களின் நிறங்களையும் மங்கிய ஒளியில் பார்வையையும் ஆராய்ந்து, 1968 இல் பார்வையின் உடலியங்கியல் குறித்து ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். கண்ணில் மூவகை நிற உணர்விகள் உள்ளன என்னும் கொள்கையை இவர் மறுத்தார். ஆனால் 1964 இல் அமெரிக்காவில் தனித்தனிக் கூம்புச் செல்களில் எடுக்கப்பட்ட அளவீடுகள் அக்கொள்கையையே உறுதிப்படுத்தியிருந்தன. எனவே இவரது மறுப்பு ஏற்கப்படவில்லை.

மறைவு

இராமன் நவம்பர் 21, 1970 இல் பெங்களூரில் காலமானார்.