குரலும் குணமும்: மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

ஒரே சொல்லை இருவர் கூறக் கேட்கின்றோம். ஒருவர் கூறுங்கால் அது நெஞ்சில் இனிக்கின்றது. மற்றொருவர் கூறுங்கால் அதே சொல் முள்ளாய்த் தைக்கின்றது. சொல்லும் ஒன்றே, பொருளும் ஒன்றே. வேறுபாடு குரலில் இருக்கின்றது; அக்குரலின் பின்னே நிற்கும் மனப்பான்மையில் இருக்கின்றது. இதனை நன்குணர்ந்தே வள்ளுவப் பெருந்தகையார் அறத்துப்பாலில் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், பொருட்பாலில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தருளினார். இனிமை இல்லத்துக்கும், வன்மை அவைக்கும் உரியனவாகலாம். ஆயினும், இரண்டும் ஒருவரிடத்தே கூடி நிற்றல் அரிது. அவ்வாறு கூடப்பெற்ற தமிழ்ப் பெருமகன் ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவரே வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், ஏழைப் புரோகிதர் ஒருவரின் மைந்தராய் அவர் பிறந்தார். செல்வம் இல்லை, செல்வாக்கும் இல்லை. வேத ஒலி முழங்கிய வீட்டில், எழுத்துப் பிறழாமல், ஒலி பிசகாமல் ஓதும் பழக்கம் மட்டும் இருந்தது. கும்பகோணத்தில் கல்லூரிக் கல்வியை முடித்தபின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். மாயவரத்திலும் சேலத்திலும் பணிபுரிந்து, 1894-இல் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றின் பொருளையும் உச்சரிப்பையும் தேர்ந்து தெளிந்தன்றி அவர் நாவில் ஏற்றுவதில்லை. 1904-இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, அதனைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். ஆகவே, அவர் வெறும் சொற்செல்வர் அல்லர். செயலும் உடையவர் என்பது தெளிவு.

1907-ஆம் ஆண்டு, கோபால கிருஷ்ண கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். எளிய ஊதியத்தில் நாட்டுப்பணி செய்வதே அச்சங்கத்தாரின் நோன்பு. 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைமை சாஸ்திரியாரிடம் வந்தது. எதிரியையும் நண்பனைப் போல் நோக்குதல், அவன் கூற்றில் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ளுதல், அதன்பின் தன் நியாயத்தை எடுத்துரைத்தல் ஆகிய இம்முறையே அவர் குருவிடம் கற்ற பாடம். அவர் குரல் இனிது என்று உலகம் வியந்தது. வெள்ளி நாவினர் என்று பட்டமும் சூட்டியது. ஆனால், அவ்வினிமை தொண்டையில் மட்டும் பிறந்ததன்று. எதிரே நிற்பவனும் மனிதனே என்னும் எண்ணத்திற் பிறந்தது என்பதே நம் துணிபு.

நிற்க. இனிய குரல் எங்கும் வெல்லுமோ எனின், வெல்லாது. 1919-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ரௌலட் மசோதா பேரரசுச் சட்டசபையில் வந்தபோது, சாஸ்திரியார் அதனை எதிர்த்து நிகழ்த்திய சொற்பொழிவு அவையையே கட்டிப்போட்டது. அன்று அவையில் பார்வையாளராக இருந்த காந்தியடிகள், அரசப் பிரதிநிதியே மெய்ம்மறந்து கேட்டதாகத் தம் சுயசரிதத்தில் பதிந்துள்ளார். எனினும், உறங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப இயலாது என்னும் உண்மையையும் அவர் அங்கே உணர்ந்தார். மார்ச்சுத் திங்களில் மசோதா சட்டமாயிற்று. இங்கிருந்து இருவர் வழியும் பிரிந்தன. காந்தியடிகள் சத்தியாக்கிரகம் பூண்டார். சாஸ்திரியார் வாதத்தையும் சமரசத்தையும் விடாது பற்றினார்.

இதனால் சாஸ்திரியார் பட்ட ஏச்சு மிகப் பெரிது. கோழை என்றனர், ஆங்கிலேயரின் அன்பர் என்றனர். அவர் பதிலுக்கு ஏசவில்லை. பட்டத்துக்கு ஏங்கினார் என்போர்க்கு, 1928-இல் தமக்கு வந்த சர் பட்டத்தை அவர் மறுத்ததே விடையாகும். காந்தியடிகளோ அவரினும் பத்தே நாள் இளையவர். அவரை அண்ணனாகவே போற்றினார். கொள்கையால் எதிரெதிர் நின்ற இருவரும் கடிதத்தால் இறுதிவரை பிணைந்திருந்தனர். காந்தியடிகளின் சுயசரித ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திச் செம்மை செய்தவரும் சாஸ்திரியாரே. அதில் தம் பெயர் வெளிவராமல் பார்த்துக்கொண்டார். மாறுபட்ட கருத்துடையோனிடம் பேசும் குரலே ஒருவன் குணத்துக்கு உரைகல் அன்றோ!

இனி, தாயகம் விட்டு வந்தோராகிய நாம் அவருக்குக் கடமைப்பட்டிருத்தலைக் காண்போம். 1860-ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாய்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவருள் தமிழரும் தெலுங்கரும் மிகப் பலர். வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும் பலர் சென்றனர். அம்மாவட்டத்துக்கு அன்று தலைநகர் நம் சித்தூரே. ஆகவே, அங்கே இழிவுற்றோர் நம் மண்ணின் மக்களே. 1921-இல் லண்டனில் கூடிய ஏகாதிபத்திய மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் முறையாக வாழும் இந்தியர்க்குச் சம குடியுரிமை வேண்டும் என வாதாடி, தென்னாப்பிரிக்கா நீங்கலாக மற்றையோரை இசையச் செய்தார் சாஸ்திரியார். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று அதே வழக்கை எடுத்துரைத்தார்.

1927-இல் கேப் டவுன் உடன்படிக்கை ஏற்பட்டபின், காந்தியடிகளும் விரும்பியவண்ணம், தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக அவர் சென்றார். நிறவெறி மிகுந்த நாடு. தோலின் கருமை கண்டு முகம் திருப்பும் மக்கள். அம்மக்களின் மண்டபங்களிலேயே நின்று பேசினார். 1928-இல் கிளார்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் வெள்ளையர் சிலர் அவர் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டபோதும் அவர் நிதானம் குலையவில்லை. நேட்டால் இந்தியரிடம் நன்கொடை திரட்டி, டர்பன் நகரில் இந்திய மாணவர்க்கென ஓர் உயர்நிலைக் கல்விக்கூடம் எழச் செய்தார். 1929-இல் திறக்கப்பெற்ற அது சாஸ்திரி கல்லூரி என்று அவர் பெயரையே தாங்கியது. காற்றோடு போகும் என்று பலர் எண்ணிய குரல், கல்லும் சுண்ணமுமாய் நின்றது.

மென்மையே அவருக்கு எல்லாம் என எண்ணிவிடலாகாது. 1923-இல் கென்யா நாட்டு இந்தியரின் உரிமையைப் பிரிட்டிஷ் அரசு கைவிட்டபோது, அவர் பேச்சில் கசப்பும் கடுமையும் வெளிப்பட்டன. என்றும் உரத்துப் பேசாதவர் ஒருநாள் கடிந்துரைத்தார் என்பதனாலேயே அச்சொல்லுக்கு எடை மிகுந்தது. நாள்தோறும் இடிக்கும் இடியை யார் பொருட்படுத்துவர்?

அவர் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் அவருக்கே ஒவ்வாது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராயச் சென்றார். 1937-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, தொழிலாளர் துயரை உள்ளபடி காட்டாமல் மென்மையாய் எழுதப்பட்டது என்று அங்குள்ள இந்தியத் தலைவர்கள் குறைகூறினர். அடுத்த ஆண்டே தோட்டங்களுக்கு ஆள் அனுப்புதலை இந்திய அரசு நிறுத்திவிட்டது. இருபுறமும் நியாயம் காணும் கண், வலிமையற்றவன் புண்ணின் ஆழத்தைச் சில வேளை காணத் தவறுகின்றது. குரலில் மென்மை வேண்டும். ஆனால் உண்மையில் மென்மை கூடாது. அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கினார். முதுமையும் நோயும் வாட்டிய காலத்தில், 1944-இல், சென்னை மயிலாப்பூரில் இராமாயணத்தைப் பற்றி முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். 1946 ஜனவரியில் மருத்துவமனையில் படுத்திருந்தவரைக் காந்தியடிகள் நேரிற் கண்டு அளவளாவினார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அவ்வினிய குரல் ஓய்ந்தது.

இருப்புப்பாதைப் பணியில் உள்ள நாம் குரலின் ஆற்றலை அன்றாடம் காண்கின்றோம். வண்டி இரண்டு மணி தாமதம் என்பதைச் சினந்து கூறினால் பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் பூசல் எழுகின்றது. பரிந்து கூறினால் பயணிகள் மூட்டையை இறக்கிவைத்து அமர்ந்துவிடுகின்றனர். தாமதம் ஒரு நிமிடமும் குறைந்ததில்லை, மனத்தாங்கல் குறைந்துவிடுகின்றது. அன்றியும், பரிந்து கூறிப் பழகியவர் சில ஆண்டுகளில் மெய்யாகவே பரிவுடையவராகிவிடுகின்றார். குணம் குரலை ஆக்குவது போலவே, குரலும் குணத்தை ஆக்குகின்றது.

விஜயபுரம், சித்தூர், திருப்பதி முதலிய ஊர்களில் வாழும் நமக்கு இஃது இன்னும் பெரிய உண்மை. நம் நாவில் தெலுங்கு சற்றே தடுமாறலாம். ஆயினும் குரலில் அன்பு தடுமாறாதிருப்பின் அண்டை வீட்டார் பிழை பொறுப்பர். நம் மக்களுக்குத் தமிழ் கற்பிக்க வசதி வேண்டும் எனக் கேட்கும்போது, இரப்பவர் போலக் குழையவும் வேண்டா. பகைவர் போல முழங்கவும் வேண்டா. உரிமையை உறவாடும் குரலிற் கேட்போம். மறுக்கப்படின் தளராது மீண்டும் கேட்போம். வலங்கைமான் ஈந்த அப்பெருமகனார்க்கு நம் சங்கம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவேயாகும்.