இரு மாத்திரைகளும் ஒரு மாமனிதரும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வேதியியல்

என் அப்பத்தாவுக்கு முடக்குவாதம். அரசு மருத்துவமனையில் அவருக்கு இருவகை மாத்திரைகள் தருவார்கள். ஒன்று மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். மற்றொன்று ஃபோலிக் அமிலம். அது வேறொரு நாளில். படிப்பறியாத அப்பத்தாவுக்கு நாள் பார்த்து எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

சென்ற ஆண்டு வகுப்பில், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதே மெத்தோட்ரெக்சேட்டின் தொழில் என்று படித்தேன். பகைவர் இருவரை ஏன் ஒரே கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்? இந்த வினா என்னை நூலகத்திற்கு அழைத்துச் சென்றது. அங்கேதான் எல்லாபிரகட சுப்பாராவ் எனக்கு அறிமுகமானார்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர் அவர். வறுமை வாட்டிய குடும்பம். சிறுவயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடியவரைத் தாயார் பிடித்து வந்து படிக்க வைத்தார். பள்ளியிறுதித் தேர்வில் மூன்றாம் முறைதான் வென்றார். துணைப்பாடத்தில் இருமுறை தவறியிருந்த நான், இந்த வரியை மட்டும் மீண்டும் மீண்டும் படித்தேன் என்பதை மறைப்பானேன்?

பின்னர் சென்னை மாநிலக் கல்லூரி. அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளானார். முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. உடன்பிறந்த இருவரையும் அடுத்தடுத்து இழந்தார். மூத்தவரைக் கொண்டு சென்றது ஸ்புரூ என்னும் குடல்நோய். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல் ஆளை உருக்கும் நோய் அது. அதற்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது.

சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் கற்பித்தபின், மாமனாரின் உதவியோடு அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. இரத்தத்தில் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை ஃபிஸ்கே என்பாருடன் சேர்ந்து 1925இல் வெளியிட்டார். தசைகளுக்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகிய பொருள்களைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்து லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் வழிநடத்திய குழு, ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துச் செயற்கையாகவும் ஆக்கியது. ஸ்புரூ நோய்க்கும் சிலவகை இரத்தச்சோகைக்கும் அது மருந்தாயிற்று. தமையனைப் பறிகொடுத்த தம்பியின் கடன் தீர்ந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. உயிரணு இரண்டாகப் பிரிய, அதன் மரபுப்பொருளான டி.என்.ஏ. முதலில் இரட்டிக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. பூட்டினுள் நுழையும், ஆனால் திறக்காத ஒரு போலிச் சாவியைச் செய்தால் என்ன? அப்படிப் பிறந்ததே அமினாப்டெரின். அதைப் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் வாடிய 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளின் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை, நாள்களை எண்ணிக் காத்திருப்பதைத் தவிரப் பெற்றோருக்கு வேறு வழி இருந்ததில்லை.

இச்செய்தி 1948 ஜூனில் வெளியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. விட்டுச் சென்ற மனைவியை மீண்டும் காணவில்லை, தாய்மண்ணையும் மிதிக்கவில்லை. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டை எத்தில் கார்பமசின் மருந்தும் அவர் தலைமையில் உருவானதே.

அமினாப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். 1956இல் அமெரிக்காவில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்சும் அதைக் கொண்டு, கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயைக் குணப்படுத்தினர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான கூட்டு மருந்துகளில் இன்றும் அது இடம்பெறுகிறது. குறைந்த அளவில் கொடுத்தால், தன் உடலையே தாக்கும் நோய் எதிர்ப்பாற்றலின் சீற்றத்தையும் அடக்கும். 1988இல் அமெரிக்க அரசு அதை முடக்குவாதத்துக்கு ஏற்றது.

என் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. ஒரு மாத்திரை நோயை அடக்குகிறது. மற்றது அந்த மாத்திரையின் கேட்டைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே ஆய்வகத்தில், ஒரே மனிதரின் தலைமையில் தோன்றியவை. நாள் தவறி மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையே கெடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே அப்பத்தாவின் நாட்காட்டியில் திங்கட்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, தவறிய தேர்வு வாழ்வின் தீர்ப்பன்று. மூன்றாம் முறை வென்ற ஒருவர் கண்ட மருந்தினால்தான், விரல் மடக்க முடியாதிருந்த என் அப்பத்தா இன்று தம் கையாலேயே பூத்தொடுக்கிறார். நானும் அந்தத் துணைப்பாடத்தை மூன்றாம் முறை எழுதப் பணம் கட்டிவிட்டேன்.